வாசலில் நின்று எழுதியவை: அயர்லாந்தின் வழிநடை மக்களும் மழைக்குறிகளும்

"அயர்லாந்துக் கிராமப் பள்ளிகளின் பழைய நோட்டுகளை இணையத்தில் பார்த்தேன். எந்த ஊர் நோட்டைத் திறந்தாலும் ஊர் ஊராகச் சுற்றும் மக்களைப் பற்றி ஒரு கட்டுரை, மழைக்குறிகளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மக்கள் ஜிப்சிகளா? அந்தக் குறிகள் பலிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றது உதவும்.

முதலில் எளிய காரணம். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் இயக்குநர் ஜேம்ஸ் டெலர்ஜி. கிழவர்களும் கிழவிகளும் இறந்துபோவதற்குள் அவர்கள் நினைவில் இருப்பதை எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. ஊர் ஊராகப் போய் எழுத ஆள் போதாது. அதனால் 1937-இல் தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போனது. ஆணையத்தின் ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூலவோன் தயாரித்தது. அதில் 55 தலைப்புகள். வழிநடை மக்கள் ஒரு தலைப்பு, மழைக்குறிகள் ஒரு தலைப்பு. 1939-க்குள் 26 மாவட்டங்களின் ஏறத்தாழ 5,000 பள்ளிகளிலிருந்து 7,40,000 பக்கங்கள் வந்து சேர்ந்தன. இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. 'டூகாஸ்' என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

தலைப்போடு கேள்விகளையும் கையேடு கொடுத்திருந்தது. உங்கள் வீட்டுக்கு இன்னும் அவர்கள் வருகிறார்களா, தனியாகவா குடும்பமாகவா, எங்கே படுக்கிறார்கள், எதை விற்கிறார்கள், பிச்சையாக எதை வாங்கிக்கொள்கிறார்கள், கதை சொல்வார்களா, செய்தி கேட்க ஊர்க்காரர்கள் கூடுவார்களா என்ற மாதிரி. ஒரே கேள்விகளுக்குப் பதில் எழுதியதால்தான் வடமேற்கு மூலை டோனகாலில் எழுதியதும் தென்மேற்கு மூலை கெர்ரியில் எழுதியதும் அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன. பொறுமையிழக்காமல் படித்தால் நடுவில் எங்காவது ஒரு பாட்டியின் குரல் தலைகாட்டும். அதற்காகவே படிக்கலாம்.

அந்தக் கட்டுரைகளில் வருகிறவர்கள் ஒரே கூட்டத்தார் இல்லை. 1930-களின் பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தாக்களும் 'வழியில் போகிறவர்கள்' என்று பலரை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். மூட்டை வியாபாரி ஊசி, நூல், சீப்பு, சாமி படம் கொண்டுவருவார். தையல்காரர் வீட்டுக்கே வந்து நாள்கணக்கில் தங்கி, அந்த வீட்டுத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். கதைக்குப் பேர்போனவர் அவர்தான். அறுவடைக்கும் உருளைக்கிழங்கு தோண்டவும் மேற்கிலிருந்து கூலிக்கு நடந்து வருகிறவர்கள் உண்டு. குழலூதிகள், நடனம் சொல்லித் தருகிறவர்கள், பாடம் தேடிப் போகும் ஏழை மாணவர்கள் பற்றித் தாத்தாக்கள் சொன்னதும் இருக்கிறது.

பிச்சைக்காரர்கள் தனி வகை. உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன்பே, 1830-களில் நடந்த அரசு விசாரணை, ஆண்டில் 30 வாரங்களுக்குக் குறையாமல் வேலையும் வழியும் இல்லாமல் தவிப்போர் 23,85,000 பேர் என்று கணக்கிட்டது. பழைய உருளைக்கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு வரும்வரை, ஜூலையில், சமைக்க ஒன்றும் இருக்காது. கணவன் கூலிக்குப் போய்விடுவான். மனைவி குடிசைக் கதவைச் சாத்திவிட்டு, தன்னைத் தெரியாத ஊர்களுக்குப் பிள்ளைகளோடு நடப்பாள். புதுக்கிழங்கு வந்ததும் திரும்பி வந்து கதவைத் திறப்பாள். இப்படிப் பருவம் பார்த்துப் பிச்சைக்குப் போனவளும் நோட்டுகளில் 'வழிநடைப் பெண்' என்றே பதிவாகியிருக்கிறாள். அவளைத் துரத்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். கைப்பிடி மாவோ கிழங்கோ போட்டால், அந்த வீட்டில் செத்தவர்களின் ஆன்மாவுக்கு அவள் ஜெபம் சொல்வாள். ராத்தங்கல் கேட்டால் அடுப்பங்கரையில் இடம் கிடைக்கும். பகலில் பெஞ்சாக இருந்து இரவில் மடக்கைத் திறந்தால் படுக்கையாகும் மரச்சாமான் அந்த வீடுகளில் இருந்தது. பல இரவுகளில் அதில் படுத்தது இப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் மே முதல் நாளில் வந்து பாலோ நெருப்போ கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அன்று வீட்டிலிருந்து நெருப்பு, பால், தண்ணீர் எது வெளியே போனாலும் அந்த ஆண்டின் வெண்ணெய் யோகமும் கூடவே போய்விடும் என்று நம்பினார்கள். அதேபோல வெண்ணெய் கடையும் நேரத்தில் யார் உள்ளே வந்தாலும் மத்தில் ஒருமுறை கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வந்தவள் வழிப்போக்கியானாலும் அதே விதி.

இனி தகர வேலைக்காரர்கள். நீங்கள் ஜிப்சிகளா என்று கேட்டது இவர்களைத்தான். நோட்டுகள் இவர்களை 'டிங்கர்கள்' என்கின்றன. இன்று அந்தப் பெயர் வசை. 'அயர்லாந்து டிராவலர்கள்' என்பதே மரியாதையான பெயர், தங்களுக்குள் 'மின்கேரி' என்பார்கள். இவர்கள் ரோமா ஜிப்சிகள் இல்லை. கேமன் அல்லது கேண்ட் என்று தனிப் பேச்சு இவர்களுக்கு உண்டு. அதில் ஐரிஷ் சொற்களே பலவும் உருமாறி நிற்கின்றன. பஞ்சத்தில் நிலம் இழந்து தெருவுக்கு வந்தவர்களின் வாரிசுகள் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இவர்கள் அயர்லாந்து மக்களே என்றும், மற்றவர்களிடமிருந்து பிரிந்தது 1845 பஞ்சத்துக்கு வெகு முன்பே என்றும் காட்டியது. அதே ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் இவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தார். 2022 கணக்கெடுப்பில் குடியரசில் ஏறத்தாழ 33,000 பேர்.

இவர்கள் வந்தால் ஊருக்கே வேலை நடக்கும். சாலையோரம், காற்று மறைவில், வளைத்த கம்புகளின் மேல் கித்தான் போர்த்திய கூடாரம். வாசலில் நெருப்பு. தகரம் அடிப்பவர் தரையில் உட்கார்ந்து, கூரான சிறு பட்டறையைத் தரையில் ஊன்றிக்கொள்வார். தகட்டைக் கத்தரியால் வெட்டி, பட்டறைமேல் வளைத்து, இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடக்கித் தட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஈயத்தை உருக்கி மூட்டில் ஓடவிடுவார். பால் கறக்கும் வாளி, குவளை, கெட்டில் எல்லாம் இப்படி உருவானவை. ஒழுகும் பழைய வாளியைக் கொண்டு கொடுத்தால் மாலைக்குள் அடைத்துத் தருவார். திருட்டுச் சாராயம் காய்ச்சும் சுருள்குழாய்க்கும் அவரைத்தான் தேடுவார்கள். ஆசிரியர் பார்க்கும் நோட்டில் அதை விரித்து எழுதப் பிள்ளைகள் தயங்கியிருக்கலாம். பெண்கள் கூடையோடு வீடு வீடாகப் போவார்கள். ஆண்கள் பாலினஸ்லோ, கிலோர்க்லின் சந்தைகளில் குதிரை, கழுதை மாற்றுவார்கள். பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு இந்தத் தொழில் ஒரே தலைமுறையில் செத்தது.

இவ்வளவு தேவைப்பட்டவர்களைப் பற்றி ஊர் என்ன கதை சொன்னது என்று பாருங்கள். சிலுவைக்கு ஆணி அடிக்க இரும்புக் கொல்லர் மறுத்தார், தகர வேலைக்காரர் அடித்துக் கொடுத்தார், அதனால் அலைகிறார் என்பது ஒன்று. இன்னொன்று அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக்கின் கதை. அடிமையாக மந்தை மேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு மண்ணில் ஒரு கட்டி கிடைக்கிறது. தகர வேலைக்காரரிடம் காட்டினால் "இது வெறும் பற்றவைக்கும் ஈயம்" என்கிறார். கொல்லரிடம் போனால் "இது தங்கம், இதைக் கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்" என்கிறார். கொல்லருக்கு ஆசீர்வாதம், மற்றவருக்கு ஓயாத நடை. கொல்லர் அந்த ஊரில் வீடுள்ளவர், மற்றவர் வீடில்லாதவர். கதையைச் சொன்னது வீடுள்ள பக்கம்.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு மழைக்குறிகளுக்கு வாருங்கள்.

தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை. கடற்காகம் உள்நாட்டு வயலுக்கு வந்தால் புயல். அடுப்பில் எரியும் டர்ஃப் கட்டி (சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண்) நீலச் சுடர் விட்டால் காற்று. பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கெட்ட வானிலை. புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தால் மழை. சுவர்க்கோழி சத்தம் கூடினால் மழை. நாய் புல் தின்றால் மழை. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை. மலை கிட்டத்தில் தெரிந்தால் மழை. ஏறத்தாழ எல்லாமே மழைக்குத்தான் போய் முடிகிறது. அட்லாண்டிக் ஓரத்தில் வைக்கோல் காயவைத்துப் பிழைத்தவர்களுக்கு வேறு எதைப் பற்றிக் கவலை?

பலவற்றுக்கு நேரான காரணம் உண்டு. அயர்லாந்தின் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்றழுத்தத் தாழ்வுகளோடு வருகிறது. தாழ்வுக்கு முன்னோடியாக வெகு உயரத்தில் பனித்துகள் மேகம் மெல்லிய திரைபோலப் பரவும். அந்தத் துகள்களில் ஒளி 22 பாகை ஒடிவதுதான் நிலா வட்டம். பின்னாலேயே மழை வர நல்ல வாய்ப்பு. காற்றில் ஈரம் கூடினால் புகைக்கரி கனத்து உதிரும். வறண்ட நிலையான வானிலையில் தூசும் புகையும் தேங்கி மலையை மங்கலாக்கும்; கடலிலிருந்து வரும் கழுவிவிட்டாற்போன்ற காற்றில் அதே மலை கையெட்டும் தூரத்தில் நிற்கும். அந்திச் செவ்வானம் நல்ல நாளுக்கு அறிகுறி என்பதும் இதனால்தான்: மேற்கே வானம் திறந்திருந்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும், நாளைய வானிலையும் மேற்கிலிருந்துதான் வர வேண்டும். பூனை முதுகுக்கு மட்டும் என்னால் காரணம் சொல்ல முடியாது.

நோட்டுகளில் என்னை அதிகம் இழுப்பது ஒலிக்குறிகள். "இன்ன ஊர் ரயில் சத்தம் தெளிவாகக் கேட்டால் மழை", "இன்ன அருவி இரைந்தால் மழை", "கடல் இந்தப் பக்கத்திலிருந்து உறுமினால் மழை, அந்தப் பக்கத்திலிருந்து உறுமினால் வெயில்". அடுத்த ஊர் நோட்டை எடுத்தால் அதே ரயில் சத்தம் நல்ல வானிலைக்கு அறிகுறி! முதலில் குழப்பமாக இருக்கும். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ரயில்பாதை தன் ஊருக்கு மேற்கே இருப்பவருக்கு மேற்குக் காற்றில் சத்தம் கேட்கும், மேற்குக் காற்று மழை கொண்டுவரும். பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது கேட்பது கிழக்குக் காற்றில். அது பெரும்பாலும் வறண்ட காற்று. ஆக இரண்டு பேரும் சரி. அவர்கள் கேட்டது ரயிலின் சத்தத்தில் காற்றின் திசையை. நாரை ஆற்றின் மேல்நோக்கிப் பறந்தால் ஓர் ஊரில் மழை, இன்னோர் ஊரில் வெயில் என்று இருப்பதையும் இப்படி ஊரோடு சேர்த்துப் பார்க்காமல் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. இந்தக் குறிகள் ஒரு குறிப்பிட்ட வாசற்படிக்குச் சொந்தமானவை. பொதுப்பட்டியலாகத் தொகுத்த உடனே பாதி உயிர் போய்விடும்.

மலைக்குறிகளும் அப்படியே. லிம்ரிக் மாவட்டத்தில் நாக்ஃபீர்னா என்ற 288 மீட்டர் குன்று சமவெளியில் தனியாக நிற்கிறது. உச்சியில் மேகம் கூடினால் டோன் ஃபீரினா மேகம் திரட்டுகிறார் என்பார்கள். டோன் அந்தக் குன்றுக்குள் வாழும் பழைய தெய்வம். சுற்றுப்புற உழவர்களுக்கு அதுதான் வானிலை நிலையம்.

நாள்குறிகளுக்கு இவ்வளவு பலம் இல்லை, ஆனால் கதை உண்டு. பிப்ரவரி 1 பிரிஜித் புனிதரின் நாள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல வெயில் என்று அவர் வாக்குக் கொடுத்தாராம். மார்ச் 17 முதல் தினமும் என்பது பாட்ரிக்கின் வாக்கு. வரிப்பசு கதை எனக்கு மிகவும் பிடித்தது. மார்ச் முடியப் போகிறது. கிழட்டு வரிப்பசு ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு, "மார்ச்சால் என்னைக் கொல்ல முடியவில்லை" என்று பெருமையடிக்கிறது. மார்ச்சுக்குக் கோபம். ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கி, அத்தனை குளிரையும் கொட்டிப் பசுவைக் கொன்று தோலை உரித்துவிடுகிறது. ஏப்ரல் தொடக்கத்துக் கொடுங்குளிருக்கு இன்றும் வரிப்பசுவின் நாட்கள் என்று பெயர். கையிருப்பு வைக்கோல் தீர்ந்து, புதுப்புல் முளைக்காத நாட்கள் அவை. மாடுகள் நிஜமாகவே செத்த பருவம்.

குறி பார்க்கத் தெரிந்தவர்களையும் ஏமாற்றிய இரவு ஒன்று உண்டு. 1839 ஜனவரி 6. அதற்கு முந்தின நாள் பனிப்பொழிவு. அன்று பகல் பொருந்தாத வெதுவெதுப்பு, இலை அசையாத அமைதி. வெகு தூரத்துப் பேச்சுக்குரல்கூடக் கேட்டது என்கிறார்கள். இரவில் அடித்த காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்து, கடல்நீரை உள்நாட்டில் தெளித்து, அடுப்பு நெருப்பைப் பறக்கவிட்டுத் தெருத் தெருவாகக் கொளுத்தியது. 250 முதல் 300 பேர்வரை இறந்ததாகக் கணிப்பு. தேவதைக் கூட்டங்கள் அன்றிரவு நாட்டை விட்டே போய்விட்டன என்றார்கள் கிராமத்தார். எழுபது ஆண்டு கழித்து அந்த இரவு சோறு போட்டது. 1908 சட்டப்படி 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங்வரை முதியோர் ஓய்வூதியம். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864-இல்தான், எனவே சான்றிதழ் இல்லை. "பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா?" என்பது வயதுச் சோதனையாயிற்று. "அன்றிரவு கையிலிருந்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன்" என்று பதில் சொன்னவர்களுக்குப் பணம் கிடைத்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு என் பதில். இரண்டு கட்டுரைகளும் ஒரே வாசலில் நின்று எழுதியவை. வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே வானம் தெரியும், எதிரே சாலை தெரியும். இரண்டிலும் என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் அந்த வாழ்க்கை. ஆனால் வானத்தைப் பற்றிச் சொன்னதை மறுநாளே சரிபார்க்க முடிந்தது. பொய்த்த குறி அந்த ஊரில் தேய்ந்துபோகும், பொருந்தியது நிற்கும். சாலையில் வந்தவர்களைப் பற்றிச் சொன்னதை யாரும் சரிபார்க்கவில்லை. கருவிப் பெட்டியைத் தாண்டிக் குதித்தாலே இவர்களுக்குக் கல்யாணம் முடிந்தது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஆனால் இவர்கள் கத்தோலிக்கர்கள், பாதிரியார் முன்னிலையில் மாதா கோவிலில் மணம் முடித்தவர்கள். கூடாரம்வரை போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதனால் கித்தானுக்குக் கீழே ஆண்டு முழுதும் படுத்தவர்கள் காற்றையும் மழையையும் எப்படிக் கணித்தார்கள் என்பது, இருந்திருக்கக்கூடிய எல்லாவற்றிலும் நல்ல மழைக்குறி ஏடு, அந்த 7,40,000 பக்கங்களில் ஏறக்குறைய இல்லை. இது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

1952-இல் ஆணையம் டிராவலர்களைப் பற்றித் தனியாக ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதற்கும் பதில் எழுதியது ஊர்க்காரர்கள்தான். 1963-இல் வந்த அரசுக் குழுவின் அறிக்கை, இவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்துத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகப் பார்த்தது. 2002 சட்டம் அனுமதியில்லாமல் சாலையோரம் முகாமிடுவதைக் குற்றமாக்கியது. சரிபார்க்காத பேச்சு கட்டுரையோடு நிற்கவில்லை, சட்டம்வரை நடந்தது.

அதனால் நோட்டுகளைப் படிக்கும்போது இப்படிச் செய்யுங்கள். மழைக்குறிக் கட்டுரையை எடுத்தால் ஊரின் பெயரைப் பார்த்து வரைபடத்தில் மேற்கு எது, கடல் எது, ரயில் எது என்று குறித்துக்கொண்டு படியுங்கள். பக்கத்தின் அடியில் யார் சொன்னது, என்ன வயது என்று பல பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். எண்பது வயதுக்காரர் சொன்னதென்றால் நீங்கள் பஞ்சத்துக்கு அடுத்த தலைமுறையின் பேச்சைக் கேட்கிறீர்கள். வழிநடை மக்கள் கட்டுரையில், நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரியுங்கள். "எங்கள் வீட்டு வாளியை அடைத்தார், அம்மா முட்டை கொடுத்தாள்" என்பது பார்த்தது. "அவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று தொடங்குவது கேள்விப்பட்டது. முதல் வகையை நம்பலாம். பிறகு ஜானி டோரன் வாசித்த ஐரிஷ் பைக்குழல் இசையைத் தேடிக் கேளுங்கள். டிராவலர் குடும்பத்தில் பிறந்து, குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி, சந்தைகளில் வாசித்துப் பிழைத்தவர். இறப்பதற்கு மூன்று ஆண்டு முன், 1947-இல், இதே ஆணையத்தின் கெவின் டானஹர் அவர் வாசிப்பை வட்டுகளில் பதிவு செய்தார். அந்தக் காப்பகத்தில் ஒரு டிராவலர் தானே பேசும் இடம் வேண்டுமென்றால், அங்கிருந்து தொடங்குங்கள்.